ஆறு பேருக்கு எந்தப் பூங்கா? ஒரு மார்ச் விடுமுறைக் கணக்கு

எங்கள் வீட்டுச் சமையலறைக் கதவு நிலையில் பென்சில் கோடுகள் இருக்கின்றன. பிள்ளைகளை ஒட்டி நிற்கவைத்து, தலைமேல் ஒரு பாடநூலை மட்டமாகப் பிடித்து, ஆறு மாதத்துக்கு ஒரு முறை போட்ட கோடுகள். போன வாரம் ஏழு வயது மகளை நிறுத்தினேன். மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு குதிகாலை மெல்ல எம்பினாள். பக்கத்தில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த என் அம்மா, கத்தியைக் கீழே வைத்துவிட்டு, பேத்தியின் இரண்டு பாதங்களையும் பிடித்துத் தரையோடு அழுத்தினார். 118 சென்டிமீட்டர்.

அந்த எண்தான் இந்த விடுமுறையில் பாதியைத் தீர்மானித்தது. கேளிக்கைப் பூங்காவுக்குப் பிள்ளையின் வயது இரண்டாம் பட்சம். உயரம்தான் முதல் கேள்வி. தலைகீழாகப் புரட்டும், வேகமாகச் சறுக்கும் விளையாட்டுகள் பலவற்றுக்கு 120 சென்டிமீட்டராவது வேண்டும். சிலவற்றுக்கு அதற்கும் மேல். வரிசையின் வாயில் ஓர் அளவுகோல் நிற்கும், அதன் பக்கத்தில் ஒரு பணியாளர் நிற்பார். முக்கால் மணி நேரம் வெயிலில் காத்திருந்த பிள்ளையை அங்கே திருப்பி அனுப்பினால், அன்றைய மகிழ்ச்சி அத்தோடு சரி. இரண்டு சென்டிமீட்டர்தானே என்று கெஞ்சிப் பயனில்லை. அழுதாலும் தொழுதாலும் கோடு கீழே இறங்காது.

நாங்கள் மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட்டில் இருக்கிறோம். வீட்டில் ஆறு பேர்: நான், மனைவி, 71 வயது அம்மா, 14 வயது மூத்தவன், ஏழு வயது நடுப்பெண், நான்கு வயது கடைக்குட்டி. அம்மா ஒரு ரப்பர்த் தோட்டத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பால்மரம் வெட்டியவர். அந்தத் தோட்டத்தில் இப்போது பால்மரமும் இல்லை, லைன் வீடும் இல்லை, எல்லாம் செம்பனை. நான் சிறுவனாக இருந்தபோது கோயில் கமிட்டி ஆண்டுக்கு ஒரு முறை லோரி பிடிக்கும். லுமுட் பக்கம் தெலுக் பாத்தேக் கடற்கரைக்குப் போய், மணலில் உருண்டு, புளிச்சோறு தின்று, இருட்டுவதற்குள் திரும்பிவிடுவோம். எந்த இடம் நல்லது, எதில் கட்டணம் குறைவு என்று யாரும் ஒப்பிட்டுப் பார்த்ததில்லை. லோரி எங்கே போகிறதோ அதுதான் சுற்றுலா. இன்றைக்கு என் கைத்தொலைபேசியில் ஆறு பூங்காக்களின் பக்கங்கள் ஒரே நேரத்தில் திறந்து கிடக்கின்றன: தம்பூன் லோஸ்ட் வேர்ல்ட், சன்வே லகூன், கெந்திங் ஸ்கைவேர்ல்ட்ஸ், பினாங்கு எஸ்கேப், ஜொகூர் லெகோலாந்து, சிங்கப்பூர் யூனிவர்சல் ஸ்டூடியோஸ்.

முதலில் நாளைப் பற்றி. மேல்நாட்டுப் பள்ளிகளுக்கு மார்ச், ஏப்ரலில் வசந்த விடுமுறை வரும். பனி விலகி இளவெயில் அடிக்கும் காலம் அது. நமக்கு மார்ச் என்றால் காலையில் கொளுத்தும் வெயில், மூன்று மணிக்கு மேல் இடி மின்னல். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து அடுத்த பருவக்காற்று தொடங்குவதற்கு முன் வரும் இடைக்காலம். மேற்குக் கரை மாநிலங்களில் மாலை மழைக்குப் பேர்போனது. மின்னல் வெட்டினால் திறந்தவெளி விளையாட்டுகளையும் நீர்ச்சறுக்குகளையும் நிறுத்திவிடுவார்கள், நிறுத்தவும் வேண்டும். ஆகவே எந்தப் பூங்காவாக இருந்தாலும் திறக்கும்போதே வாசலில் நிற்பவருக்குத்தான் முழு நாள். மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பலாம் என்கிறவர் பாதி நாளுக்கு முழுப் பணம் கொடுக்கிறார்.

இந்த ஆண்டு இன்னொரு சிக்கலும் சேர்ந்திருக்கிறது. 2026-இல் பள்ளி ஆண்டு மறுபடியும் ஜனவரிக்குத் திரும்பியதால், முதல் தவணை விடுமுறை மார்ச் கடைசி வாரத்தில் விழுகிறது. நோன்புப் பெருநாளும் அந்த விடுமுறையின் தலைமாட்டிலேயே வருகிறது. இதைக் கேட்டதும் பலர் சாலை நெரிசலை நினைத்துத் திட்டத்தையே கைவிடுகிறார்கள். கொஞ்சம் பொறுங்கள். பெருநாளுக்கு முன் கோலாலம்பூர் காலியாகும். வண்டிகள் தலைநகரிலிருந்து வடக்கேயும் தெற்கேயும் கிழக்கேயும் ஓடும். சுங்கை சிப்புட்டிலிருந்து தெற்கே போகிறவர்கள் அந்த ஓட்டத்துக்கு எதிர்த் தடத்தில் போகிறோம். வடக்கு நோக்கிய தடம் நத்தையாக ஊரும்போது நம் தடம் சும்மா கிடக்கும். பெருநாள் முடிந்த பின்தான் தலைகீழ். தமிழ்க் குடும்பங்களுக்கு இது ஆண்டுக்கு ஒரு முறை கிடைக்கும் சலுகை. தீபாவளிக்கு நாமும் அதே நெரிசலில் நிற்பவர்கள்தான். ஆனால் கோலாலம்பூரைத் தாண்டி ஜொகூருக்குப் போவதென்றால் இந்தக் கணக்கு உதவாது. தலைநகருக்குத் தெற்கே, ஊர் திரும்பும் கூட்டத்தோடு கூட்டமாக நாமும் நகரவேண்டியிருக்கும்.

பணத்தை நான் ரிங்கிட்டில் பார்ப்பதைவிட நாளில் பார்க்கிறேன். நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 ரிங்கிட். 26 நாளுக்கு வகுத்தால் நாள் ஒன்றுக்கு 65 ரிங்கிட் சொச்சம். நம் ஊரில் தொழிற்சாலையிலும் செம்பனைத் தோட்டத்திலும் கடைகளிலும் வேலை செய்யும் எத்தனையோ பேருக்கு இதுதான் அளவுகோல். மைகார்ட் அடையாள அட்டையைக் காட்டினால் கிடைக்கும் உள்நாட்டுக் கட்டணத்திலும், நான் பார்த்த எந்தப் பூங்காவிலும் பெரியவர் ஒருவருக்கு ஒரு நாள் சம்பளத்துக்குள் டிக்கெட் இல்லை. ஆறு பேருக்குப் பெருக்குங்கள், பெட்ரோல், டோல், சாப்பாடு, தங்கும் அறை என்று சேர்த்துக்கொண்டே போங்கள். "சேமநிதியில் மூன்றாவது கணக்கு எதற்கு இருக்கிறது? எடுத்துச் செலவு செய்யுங்கள் மாமா" என்றான் மைத்துனன். எப்போது வேண்டுமானாலும் பணம் எடுக்கவிடும் அந்த நெகிழ்வுக் கணக்கு 2024-இல் வந்த நாளிலிருந்து அவனுக்கு எல்லாமே அவசரத் தேவைதான். நான் எடுக்கவில்லை.

இனி இடங்கள். தூரத்திலிருந்து தொடங்குகிறேன், வேண்டாதவற்றைச் சீக்கிரம் கழித்துவிடலாம்.

சிங்கப்பூரை மனைவி ஆசையோடுதான் சொன்னாள். செந்தோசாவில் 2010-இல் திறந்த பூங்கா அது. மினியன்களுக்கென்று ஒரு பகுதியை 2025-இல் சேர்த்திருக்கிறார்கள். மூத்தவன் அதன் காணொலிகளை மனப்பாடமாக வைத்திருக்கிறான். ஆனால் டிக்கெட்டுக்கு முன்னால் கடப்பிதழ், அதாவது பாஸ்போர்ட். பெரியவருக்கு 200 ரிங்கிட், சின்னப் பிள்ளைக்கு 100. எங்கள் ஐந்து பேருக்கு 800 ரிங்கிட். சிங்கப்பூர் மண்ணை மிதிப்பதற்கு முன்பே பன்னிரண்டு நாள் சம்பளம் போய்விடுகிறது. அப்புறம் அங்கே ஒரு வெள்ளிக்கு, அதாவது டாலருக்கு, நம் பணம் மூன்று ரிங்கிட்டுக்கு மேல். சொந்தக் காரில் போனால் அதற்கு வேறு முன்அனுமதி. ஆறு பேர் இருக்கும் வீட்டில் ஐந்து பேருக்கு ஏன் கணக்குப் போட்டேன் என்று கேட்பீர்கள். அம்மாவிடம் இருப்பது சிவப்பு அடையாள அட்டை. இந்த மண்ணிலேயே பிறந்து, இந்த மண்ணிலேயே பால்மரம் வெட்டியவர். தோட்டத்தில் பிறந்த பல பேரைப் போல உரிய காலத்தில் பிறப்புப் பத்திரம் எடுக்காததால் வாழ்நாள் முழுக்க நிரந்தரவாசி. மலேசியக் கடப்பிதழ் அவருக்குக் கிடைக்காது. சிங்கப்பூர்ப் பேச்சு அத்தோடு முடிந்தது. அம்மாவை விட்டுவிட்டுப் போகலாமே என்று வீட்டில் யாரும் சொல்லவில்லை, அம்மாவைத் தவிர.

லெகோலாந்து அப்படி ஒரே அடியில் தள்ளக்கூடியது அல்ல. 2012 செப்டம்பரில் திறந்தபோது ஆசியாவிலேயே முதல் லெகோலாந்து. மறு ஆண்டு நீர்ப்பூங்காவும் விடுதியும் வந்தன. இரண்டு வயதிலிருந்து பன்னிரண்டு வயதுவரை உள்ள பிள்ளைகளை மனத்தில் வைத்தே கட்டியிருக்கிறார்கள். எங்கள் நடுப்பெண்ணுக்கும் கடைக்குட்டிக்கும் இந்த ஆறில் மிகப் பொருத்தமான இடம் இதுதான் என்பதில் எனக்கு ஐயமில்லை. பெரும்பாலான விளையாட்டுகளில் 118 சென்டிமீட்டர் ஒரு தடையே இல்லை. ஆறு வயதானவர்கள் தாங்களே ஓட்டும் குட்டிக் கார்ப் பள்ளி ஒன்று, அதற்கும் சிறியவர்களுக்கு இன்னொன்று. மூன்று கோடிக்கு மேல் லெகோ கட்டிகளை அடுக்கி ஆசியாவின் ஊர்களைச் சிறு உருவில் எழுப்பியிருக்கிறார்கள். இரட்டைக் கோபுரம் பிள்ளையின் தலைக்கு மேல் நிற்கும். மூத்தவன்தான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வான். 14 வயதுக்காரனுக்கு அது தம்பியின் பொம்மைப் பெட்டிக்குள் நுழைந்தது போல இருக்கும்.

பிரச்சினை சாலைதான். சுங்கை சிப்புட்டிலிருந்து இஸ்கண்டார் புத்ரி ஏறத்தாழ 550 கிலோமீட்டர். நெரிசல் இல்லாத நாளிலேயே ஆறு, ஏழு மணி நேரம். நான்கு வயதுப் பிள்ளையும் 71 வயது முழங்காலும் வண்டியில் இருந்தால் ஒவ்வொரு ஓய்வுத் தலத்திலும் நின்று நின்றுதான் போகவேண்டும். குறைந்தது இரண்டு இரவு தங்கல். போன நாள் அசதி, வந்த நாள் அசதி, நடுவில் ஒரு நாள் பூங்கா. வெயிலுக்கு ஒதுங்க மர நிழலும் குறைவு. சிங்கப்பூரின் மார்ச் பள்ளி விடுமுறை இந்த ஆண்டு 14 முதல் 22 வரை. நம் விடுமுறையோடு ஓரிரு நாள்தான் முட்டிக்கொள்கிறது, அந்த மட்டில் நிம்மதி. முன்பெல்லாம் ஜொகூரில் வெள்ளி, சனி வார விடுமுறை என்பதால் ஞாயிற்றுக்கிழமை போனால் உள்ளூர்க் கூட்டம் இருக்காது என்று ஒரு சூட்சுமம் சொல்வார்கள். 2025 ஜனவரியிலிருந்து ஜொகூரும் சனி, ஞாயிறுக்கு மாறிவிட்டது. அந்தச் சூட்சுமம் இனிச் செல்லாது. கூலாய், குளுவாங், ஸ்கூடாய்ப் பக்கம் இருக்கும் குடும்பம் என்றால் நான் இதைத்தான் சொல்வேன், வேறு யோசனையே வேண்டாம். பேராக்கிலிருந்து? பிள்ளைகள் சின்னவர்களாக இருக்கும்வரை இடம் அங்கேயே இருக்கும். கடைக்குட்டி பன்னிரண்டைத் தொட இன்னும் எட்டு ஆண்டுகள் இருக்கின்றன.

கெந்திங் வேறு வகை. கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,800 மீட்டர் உயரம்; மார்ச் வெயிலிலிருந்து தப்ப இதைவிட நல்ல இடம் தீபகற்பத்தில் அதிகம் இல்லை. பழைய திறந்தவெளிப் பூங்காவை 2013-இல் மூடிவிட்டு, பெரிய பெரிய அறிவிப்புகளும் ஒரு நீதிமன்ற வழக்கும் கடந்து, 2022 பிப்ரவரியில் ஸ்கைவேர்ல்ட்ஸைத் திறந்தார்கள். மூத்தவனின் முதல் தேர்வு இதுதான், நியாயமும் கூட. ஆனால் நம் பெண்ணின் இரண்டு சென்டிமீட்டர் இங்கேதான் வலிக்கும். அவளால் ஏறமுடியாதவற்றின் வாசலில் அவளோடு ஒருவர் காத்திருக்கவேண்டும், கடைக்குட்டியோடு இன்னொருவர், அம்மாவோடு யார்? மூடுபனியும் சாரலும் எப்போது வேண்டுமானாலும் இறங்கும். அம்மாவின் முழங்கால் குளிரில் மடங்காது. கேபிள் கார் வழியில் சின் சுவீ குகைக் கோயிலில் இறங்கிப் பார்க்கலாம் என்பது ஒன்றுதான் அவருக்குப் பிடித்த சங்கதி. மேலே போனால் பெரியவர்களில் ஒருவர் "இதோ, ஐந்து நிமிடத்தில் வந்துவிடுகிறேன்" என்று சூதாட்ட மையத்துப் பக்கம் நழுவுவதும் உண்டு. எங்கள் குடும்பத்தில் யார் என்று எழுதமாட்டேன்.

வடக்கிலிருந்து போகிறவர்கள் பத்தாங்காலி வழியாக மலையேறினால் தூரம் மிச்சம் என்று நினைப்பார்கள். 2022 டிசம்பர் பள்ளி விடுமுறையில் 31 பேரைப் பலிகொண்ட நிலச்சரிவு அந்தச் சாலையை ஒட்டிய முகாமில்தான் நடந்தது. மாலை மழைக் காலத்தில் பிள்ளைகளோடு போகும்போது கூடுதல் நேரமானாலும் காராக் நெடுஞ்சாலை வழியே ஏறுவதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது.

பினாங்கு எஸ்கேப்பை நான் ஒரு பத்தியில் முடித்துவிடுவேன். தெலுக் பாஹாங் மலையடிவாரத்தில், கயிறு, மரம், ஏணி, நம் சொந்தக் கைகால் பலம் என்று கட்டிய பூங்கா. 1,111 மீட்டர் நீளமுள்ள குழாய்ச் சறுக்கு 2019-இல் கின்னஸ் சாதனை ஆனது. நாற்காலித் தொங்கூர்தியில் மேலே போய், காட்டுக்கு நடுவே ஏறக்குறைய நான்கு நிமிடம் சறுக்கி வரலாம். நம் ஊரிலிருந்து இரண்டரை மணி நேரத்துக்குள் போய்விடலாம், பத்து ஃபெரிங்கி வளைவுகளில் மாட்டிக்கொள்ளாமல் இருந்தால். பத்து வயதைத் தாண்டிய, துறுதுறுப்பான பிள்ளைகள் மட்டும் உள்ள வீட்டுக்கு இதுவே முதல் தேர்வாக இருக்கும். எங்கள் வீட்டில் பாதிப் பேர் கீழே உட்கார்ந்து மற்றப் பாதியின் செருப்புக்குக் காவல் இருப்பார்கள். அம்மா தண்ணீர்மலைக் கோயிலின் 513 படிகளை ஒரு காலத்தில் காவடிக்குப் பின்னால் ஏறியவர். இப்போது அடிவாரத்திலிருந்தே கும்பிட்டுக்கொள்கிறார்.

மிஞ்சியவை இரண்டு, சன்வே லகூனும் தம்பூனும். இரண்டும் ஒரே குழுமத்தின் பூங்காக்கள். இரண்டிலும் தண்ணீரும் உண்டு, விலங்குகளும் உண்டு, சுற்றும் இராட்டினங்களும் உண்டு. இரண்டுக்கும் பின்னால் ஈயத்தின் கதையும் உண்டு: சன்வே லகூன் கைவிடப்பட்ட ஈயச் சுரங்கக் குழியில் 1993-இல் எழுந்தது, தம்பூன் கிந்தாப் பள்ளத்தாக்கின் சுண்ணாம்புக் குன்றுகளுக்கு நடுவே, ஈயம் அலசிய காலத்தைக் காட்டும் ஒரு பகுதியோடு இருக்கிறது.

சன்வே பெரியது, வகை அதிகம், 14 வயதுக்காரனுக்கு அலுக்காது. அதன் பெரிய நன்மையைப் பலர் கவனிப்பதில்லை: கார் இல்லாமலே போகலாம். ஈ.டி.எஸ். விரைவு ரயிலில் கோலாலம்பூரின் கே.எல். சென்ட்ரல், அங்கே கிள்ளான் துறைமுகத் தடத்து கொம்யூட்டர் ரயில் பிடித்து செத்தியா ஜெயா, அங்கிருந்து மேம்பாலத்தில் ஓடும் பி.ஆர்.டி. பஸ்ஸில் பூங்காவின் பெயரையே கொண்ட நிறுத்தம். எல்லா ஈ.டி.எஸ். ரயிலும் சுங்கை சிப்புட்டில் நிற்பதில்லை. ஈப்போவுக்குப் போய் ஏறினால் நேரத் தேர்வு அதிகம். பெருநாள் வாரத்தில் வடக்கு நோக்கி வரும் டிக்கெட்டுகள் எப்போதோ தீர்ந்திருக்கும், தெற்கு நோக்கிப் போகிறவற்றில் இடம் இருக்கும். முன்னே சொன்ன அதே எதிர்த் தடக் கணக்கு. ஆனால் ஆறு பேர் மூன்று வண்டி மாறி, ஈரத் துணி மூட்டையோடு அன்றே திரும்புவது நடக்கிற காரியமில்லை. ஓர் இரவு அறை எடுக்கவேண்டும். விடுமுறைக் காலத்தில் அறை வாடகை டிக்கெட் செலவை எட்டிப் பிடிக்கும்.

தம்பூன் எங்கள் வீட்டு வாசலிலிருந்து முக்கால் மணி நேரத்துக்குள். இதுதான் அதன் குறையும். "தம்பூனா? அது சுற்றுலாவா?" என்றான் மூத்தவன். ஈப்போ மேரு ராயாவில் 2017-இல் திறந்த அசைபடப் பூங்கா 2020 தொடக்கத்திலேயே மூடப்பட்ட பின், பேராக்கில் இந்த அளவுக்குப் பெரியதாக மிஞ்சியிருப்பது இதுதான் என்பதால், பள்ளிச் சுற்றுலாவே அவன் இரண்டு முறை இங்கே வந்துவிட்டான். சன்வேயோடு ஒப்பிட்டால் வேகமான விளையாட்டுகள் குறைவு என்பதும் உண்மைதான். மைத்துனனிடம் சொன்னபோது அவனும் சிரித்தான்.

எனக்கு அங்கே முக்கியமாகப் பட்டது வெந்நீர் ஊற்று. நிலத்தடியிலிருந்து தானாகவே சுடச்சுட வரும் தண்ணீர். குன்றின் அடியில் வெவ்வேறு சூட்டில் குளங்கள். மாலையிலிருந்து இரவு வரை அதற்கென்றே தனி நேரம். பகல் முழுக்கப் பிள்ளைகள் அலைக்குளத்தில் ஆடட்டும். இரவில் அம்மாவின் நேரம். மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு முறை போயிருந்தோம். குளத்து விளிம்பில் உட்கார்ந்து, சேலையை முழங்கால்வரை சுருட்டி, கால்களை மட்டும் உள்ளே விட்டார். விடியற்காலை நான்கரைக்கு எழுந்து, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, பனியில் நனைந்த புல்லில் மரம் மரமாக நடந்த பாதங்கள் அவை. பித்த வெடிப்பில் வெந்நீர் பட்டதும் முதலில் "ஸ்" என்று இழுத்தார். அப்புறம் அரை மணி நேரம் பேசவே இல்லை. எழுந்திருக்கச் சொன்னபோது, "நீங்கள் போய்ச் சாப்பிட்டுவிட்டு வாருங்கள், நான் இங்கேயே இருக்கிறேன்" என்றார்.

அந்த நாளை நினைத்துக்கொண்டு கதவு நிலைக் கோடுகளை மறுபடி பார்த்தபோதுதான் எனக்குக் கணக்குப் பிடிபட்டது. இந்த வயதில் பிள்ளை ஆண்டுக்கு ஆறு சென்டிமீட்டர்போல வளரும். நடுப்பெண்ணின் 118 ஆண்டிறுதி விடுமுறைக்குள் 120-ஐத் தாண்டியிருக்கும். இன்று கெந்திங்குக்குக் கொடுக்கும் பணத்தில் அவளுக்குப் பாதி வாசல்கள் மூடியிருக்கும். டிசம்பரில் கொடுத்தால் அதே பணத்துக்கு அவற்றில் பல திறந்திருக்கும். லெகோலாந்துக்கு எட்டு ஆண்டுகள் இருக்கின்றன என்று சொன்னேன். பிள்ளைகளுக்கு நாள் போகப்போக இடங்கள் கூடிக்கொண்டே போகின்றன. அம்மாவின் முழங்காலுக்கு மட்டும் குறைந்துகொண்டே போகின்றன. ஆகவே மார்ச்சில் ஆறு பேரும் தம்பூன். இதே ஆறு பேர் இல்லாத வீட்டுக்கு இந்த விடை பொருந்தாது. பாட்டி தாத்தா இல்லாமல், எல்லாப் பிள்ளைகளும் 130-ஐத் தாண்டிய வீடாக இருந்தால் நான் கண்ணை மூடிக்கொண்டு கெந்திங் என்று சொல்லியிருப்பேன்.

மூத்தவனுக்கு ஒரு தனி ஏற்பாடு. குடும்பம் என்றால் ஆறு பேரும் ஒரே வாசலில் ஒரே நேரத்தில் நுழையவேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை. அவனுடைய தாய்மாமன் ஷா ஆலத்தில் இருக்கிறான், அதே சேமநிதி மைத்துனன்தான். பெருநாள் அன்று காலை ரயிலில் ஏற்றிவிட்டால் கோலாலம்பூரில் மாமன் அழைத்துக்கொள்வான். மறுநாள் இருவருமாகச் சன்வே. இரண்டு டிக்கெட், மாமன் வீட்டில் தங்கல், அறை வாடகை இல்லை. பெருநாள் முதல் நாளில் திறந்த சாப்பாட்டுக் கடையைத் தேடுவது கடினம் என்பதை மட்டும் மாமனுக்கு ஞாபகப்படுத்தவேண்டும். நாங்கள் தம்பூனுக்குப் போவது அடுத்த வாரத்தின் நடுவில்; பெருநாள் விடுப்பு முடிந்து பெரியவர்கள் வேலைக்குத் திரும்பியிருப்பார்கள், பள்ளி மட்டும் இன்னும் திறந்திருக்காது. அதற்குள் மூத்தவனும் ஊருக்கு வந்துவிடுவான். தம்பூனுக்கும் வரமறுக்கமாட்டான், அலைக்குளம் அவனுக்கும் பிடிக்கும். வெளியே சொல்லமாட்டான், அவ்வளவுதான்.

சாப்பாட்டைப் பற்றியும் சொல்லவேண்டும். பூங்காக்கள் வெளிச்சாப்பாட்டை உள்ளே விடுவதில்லை. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பூங்கா வாசலில், எந்தப் பூங்கா என்பது வேண்டாம், அம்மா துணிப்பையின் அடியில் வைத்திருந்த புளிச்சோற்றுத் தூக்கைப் பணியாளர் எடுத்து மேசைமேல் வைத்தார். மூடியைத் திறந்து பார்த்தார், வாசனை அந்த வரிசை முழுக்கப் போனது. பின்னால் நின்ற சீனக் குடும்பத்துப் பிள்ளை என்னவென்று கேட்டது. திரும்பக் காருக்குப் போய், பின்கதவைத் திறந்துபோட்டு, தார்ச்சாலைச் சூட்டில் நின்றபடியே ஆறு பேரும் சாப்பிட்டு முடித்துவிட்டுத்தான் உள்ளே போனோம். இப்போது அதையே திட்டமாக வைத்துக்கொள்கிறோம்: காலைப் பசியாறலை வீட்டிலேயே கனமாக முடிப்பது, மத்தியானம் காரில் வைத்த சோறு, வெளியே போய்த் திரும்ப கையில் முத்திரை குத்துகிறார்களா என்பதை வாசலிலேயே கேட்டுக்கொள்வது. இந்த ஆண்டு பங்குனி உத்திரம் ஏப்ரல் தொடக்கத்தில் வருவதால் மனைவி விரதம் இருப்பாள். பூங்காவுக்குள் கோழிப் பொரியலும் பர்கரும்தான் கண்ணில் படும். விரதக்காரர் இருக்கும் வீட்டுக்குக் காரில் இருக்கும் சோறுதான் கதி.

டிக்கெட்டை இயங்கலையில் முன்கூட்டியே வாங்குங்கள். வாசலில் வாங்குவதைவிடப் பெரும்பாலும் மலிவு. பிள்ளைகளின் மைகிட் அட்டையை மறக்காதீர்கள், உள்நாட்டுக் கட்டணத்துக்கு அதுதான் சாட்சி. வீட்டில் சிவப்பு அட்டைக்காரர் இருந்தால் அவருக்கும் உள்நாட்டுக் கட்டணம் உண்டா என்பதை வாங்குவதற்கு முன்பே தொலைபேசியில் கேட்டுவிடுங்கள். வாசலில் வரிசைக்கு நடுவே அந்தக் கேள்வியைக் கேட்க வைக்கவேண்டாம்; எங்கள் அம்மாபோன்றவர்கள் இப்படி எத்தனையோ கவுன்டர்களில் நின்றிருக்கிறார்கள்.

கடைசியாக உடை. நீர்ப்பூங்காக்களில் பருத்திச் சட்டையோ ஜீன்ஸோ போட்டுக்கொண்டு தண்ணீரில் இறங்கமுடியாது, நீச்சலுக்கான துணிதான் வேண்டும். சேலைக்கு இடமே இல்லை. போன முறை அம்மா குளத்தின் விளிம்போடு நின்றுகொண்டதற்கு அதுதான் காரணம். இந்த முறை சனிக்கிழமை பசார் மாலாம் இரவுச் சந்தையில் ஒரு மலாய்க்கார அம்மாவின் கடைமுன் நின்றோம். முஸ்லிம் பெண்களுக்கென்று தைத்த நீச்சலுடைகள் தொங்கின: கழுத்து முதல் கணுக்கால்வரை மூடியவை, நீளக் கை, இடுப்புக்குக் கீழே பாவாடைபோல ஒரு மடிப்பு. அம்மா துணியை இரண்டு விரலால் இழுத்துப் பார்த்தார், வெளிச்சத்துக்கு நேரே பிடித்து நிழல் தெரிகிறதா என்று பார்த்தார், விலை கேட்டார். அறுபது என்றார் கடைக்காரர். அம்மா தன் தோட்டத்து மலாயில் ஆரம்பித்தார். பேரப்பிள்ளைகள், முழங்கால், வெந்நீர், வயது எல்லாம் அந்தப் பேரத்துக்குள் வந்துபோயின. நாற்பத்தைந்துக்கு முடிந்தது. கருநீலம். துவைத்துக் காயப்போட்டிருக்கிறார்; வீட்டுக்குப் பின்னால் கொடியில், இரண்டு சேலைகளுக்கு நடுவே தொங்குகிறது.